நிழல் விழும் சந்துக்குக் கனகாம்பரம்

வத்தலக்குண்டு,
ஆடி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

தினமும் போனில் பேசுகிற அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் செடி விஷயம் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ அடுப்பைப் பார்ப்பாய். குக்கர் விசில் எனக்கு இங்கே கேட்கிறது. அதனால்தான் சின்னவன் லீவுக்கு வந்தபோது விட்டுப்போன கணக்கு நோட்டில் மீதிப் பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். தம்பி சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் ஏறுகிறான். கடிதமும் செடியும் அவன் கையில் வரும்.

வீட்டுக்குத் தென்பக்கத்துச் சந்தில் வருஷம் முழுவதும் பச்சையாக நிற்கிற, நல்ல கலராகப் பூக்கிற செடி வேண்டும் என்று கேட்டாய். ரோஜாவை இரண்டு தடவை வைத்துக் கொன்றாயிற்று. இரண்டாவது தடவை "இது நிழலிலும் பூக்கும்" என்று சொல்லி ஒருத்தர் உன் தலையில் கட்டினாரே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரோஜாவுக்கு வெயில் வேண்டும். அதைச் சந்துக்குள் வைத்தால் குச்சி குச்சியாக உயரப் போகுமே தவிர மொட்டு வராது. இட்லிப்பூ வைக்கலாமா என்று கேட்டாய். நல்ல செடிதான், ஆனால் அதுவும் வெயில் கேட்கும். நந்தியாவட்டை நிழலைத் தாங்கும், பூ வெள்ளை. டிசம்பர் பூ அதன் மாசத்தில்தான் பூக்கும். நான் கனகாம்பரம்தான் சொல்வேன்.

நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. எட்டாவது படிக்கும்போது நான் வைத்துவிட்ட கனகாம்பரச் சரத்தைப் பள்ளிக்கூட வாசலில் பிடுங்கிப் பைக்குள் திணித்தவள்தானே நீ. "வாசமில்லாத பட்டிக்காட்டுப் பூ" என்றாய். உன் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காய்ந்துபோய்க் கிடந்த அந்தச் சரத்தை நான் பார்த்தேன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கும் அந்தப் பூவைக் கண்டால் அப்போது பிடிக்காது.

எனக்குப் பத்து வயதில் நிலக்கோட்டைப் பக்கம் அம்மாச்சியோடு பூப் பறிக்கப் போவேன். கனகாம்பரத்தை விடியலில் பறிக்க வேண்டும். நாலரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள். செடி இடுப்பளவு உயரம்கூட இருக்காது, குனிந்தே பறிக்க வேண்டும். பாவாடை முழங்கால் வரைக்கும் பனியில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். மல்லிகை என்றால் கை கொள்ளாமல் வரும், மடி நிறைந்தது தெரியும். இது காற்று மாதிரி. மடி நிறையப் பறித்துத் தராசில் போட்டால் முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15,000 பூ நிற்கும் என்று ரொம்ப நாள் கழித்து ஒரு வேளாண்மை அலுவலர் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கணக்கை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் போகமாட்டேன் என்று அடம் பிடித்திருப்பேன். கிலோ விலையைக் கேட்டு மார்க்கெட்டில் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். அத்தனை பூவுக்கும் ஒரு கை போக வேண்டும் என்பது யாருக்குத் தோன்றுகிறது!

அதனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து வெகுகாலம் நான் கனகாம்பரம் வைக்கவே இல்லை. கொல்லையில் முருங்கைக்குக் கீழே ஒரு இடம் சும்மா கிடந்தது. செம்பருத்தி வைத்தேன், அடுக்குமல்லி வைத்தேன், ஒன்றும் தேறவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் நாலு கனகாம்பர நாற்றைக் கொண்டுவந்து கேட்காமலேயே நட்டுவிட்டுப் போனார்கள். பிடுங்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். மூன்று மாசத்தில் அந்த மூலையே ஆரஞ்சாகிப் போனது. வெட்டவெளியில் பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் செடி பாதி நிழலில் இப்படித் தளதளவென்று நிற்கும் என்று தெரியாது. யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அது நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காட்டுச்செடியாக இருந்ததுதான். நாம்தான் வயலுக்குக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவிட்டோம்.

சரி, உன் சந்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவை அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலடி அகலம், இருபதடி நீளம். கிழக்கே ரோடு. தெற்கே அடுத்த வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியிருக்கிறார். காலை வெயில் ரோட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது, பத்தரைக்கு மேல் இல்லை என்கிறாய். கனகாம்பரத்துக்கு அந்தக் காலை வெயில் மூன்று, நாலு மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் இப்போது தெரிகிற வெயிலை வைத்து முடிவு பண்ணாதே. ஆடியில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். போகப்போகத் தெற்கே சாயும். மார்கழியில் அந்த மூன்று மாடி நிழல் நீண்டு வந்து உன் சந்தை மூடும். அதனால் சந்தின் உள்பக்கத்தை விட்டுவிடு. ரோட்டுப் பக்கம் பத்து, பன்னிரண்டு அடிக்குள் செடியை வை. உள்ளே வேண்டுமானால் வெற்றிலைக் கொடி ஏற்று, அல்லது சின்னவன் சைக்கிளை நிறுத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை, பத்துக்கு ஒரு தடவை, வெயில் எதுவரை விழுகிறதென்று தரையில் கோடு போட்டுப் பார். மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். நிழலிலும் ஜாதி உண்டு. முருங்கை நிழல் சல்லடை நிழல், வெயில் பொட்டுப் பொட்டாக உள்ளே விழும். புளியமரத்து நிழல் கம்பளி போர்த்தின நிழல். முதலாவதில் கனகாம்பரம் பூக்கும். இரண்டாவதில் இலை மட்டும் கரும்பச்சையாக, பெரிது பெரிதாக வந்துகொண்டிருக்கும், பூக்கதிர் தள்ளாது. இலை செழிப்பைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இனி மண். புது வீட்டில் காம்பவுண்டுச் சுவரோரம் தோண்டினால் மண்ணா வரும்? சிமெண்டுக் கட்டி, சுண்ணாம்பு, உடைந்த டைல்ஸ், கொத்தனார் தின்ற பான்பராக் கவர், எல்லாம் வரும். ரோஜா செத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். ஒன்றரை அடி ஆழம் தோண்டி எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிடு. சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணில் இருந்தால் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அப்படி வந்தால் "சத்துப் போதவில்லை" என்று உரத்தை அள்ளிக் கொட்டாதே, அடியில் இருக்கிற சுண்ணாம்பைப் பார். உங்கள் ஊர்ச் செம்மண் நல்ல மண். அதில் இரண்டு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு, கொஞ்சம் மணல், இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடு. இரண்டு, மூன்று அடி உயரம் வளரும், பக்கத்திலும் கிளைக்கும். நெருக்கி வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் மாவுப்பூச்சியும் செதிள்பூச்சியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாகிறதே என்று குழாயைத் திருப்பிக் கனகாம்பரப் பாத்திக்கு விட்டேன். சிக்கனமாம். மண் எந்நேரமும் சொதசொதவென்று கிடந்தது. முதலில் ஒரு செடி மட்டும் மத்தியானத்தில் தலை தொங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு குடம் ஊற்றினேன், பைத்தியக்காரி மாதிரி. ஒரு வாரத்தில் அந்தச் செடி போனது, அப்புறம் பக்கத்துச் செடி, பிறகு வரிசையாகப் பதினான்கு. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரியே இந்த வாடல் நோய்தான். மண்ணில் இருக்கிற ஒரு பூஞ்சையால் வருவது. மண்ணில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேரைக் கடித்து வைத்திருந்தால் அந்தப் புண் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே நுழைந்துவிடும். வந்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம். செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் மறுபடி கனகாம்பரம் வைக்காமல் ஒரு பருவம் செண்டுப்பூ வைக்க வேண்டும். நூற்புழுவுக்குச் செண்டுப்பூ வேர் ஆகாது. வேப்பம் புண்ணாக்கும் அதற்காகத்தான் சொன்னேன். டிரைக்கோடெர்மா என்று, நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை கலந்த ஒரு பொடி உரக்கடையில் கிடைக்கும். அதை எருவில் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்திருந்து குழிக்குப் போடு. நான் இப்போது அது இல்லாமல் நடுவதில்லை.

ஆக, மேல் மண்ணில் விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று. உங்கள் ஊரில் மழைக்கும் குறைவில்லை.

செடி இரண்டு தினுசு அனுப்புகிறேன். ஒன்று நாட்டு ஆரஞ்சு. அது அக்கா நட்ட அந்த நாலு நாற்றின் வாரிசு. இன்னொன்று டெல்லி கனகாம்பரம். பேர்தான் டெல்லி. பூ கொஞ்சம் பெரிது, நிறம் ஆரஞ்சில் சிவப்புத் தட்டினாற்போல அடர்த்தியாக இருக்கும். மார்க்கெட்டில் இதற்குத்தான் மவுசு. ஆனால் டெல்லி விதை கட்டாது. வாழைக்கு விதை இல்லாத மாதிரிதான் இதுவும், குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். மஞ்சளிலும் சிவப்பிலும்கூட உண்டு. மஞ்சள் எனக்குப் பிடிக்கவில்லை, சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. உனக்கு வேண்டுமென்றால் அங்கேயே வாங்கிக்கொள். அங்கேயும் இதற்குக் கனகாம்பரம் என்றுதான் பேர், பூக்காரம்மாவிடம் கேட்டால் தெரியும். கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பட்டிக்காட்டுப் பூவுக்குப் பேரைப் பார்த்தாயா!

நாட்டு ஆரஞ்சில் நாற்று ஆறு இருக்கிறது, பாலிதீன் பையில். டெல்லியில் குச்சி பத்து. நுனிக் குச்சியாக, மூன்று கணு விட்டு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றியிருக்கிறேன். வந்த அன்றைக்கே அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு தொட்டியில் மணலும் தேங்காய் நார்த் தூளும் போட்டு, கீழ்க் கணு மண்ணுக்குள் போகும்படி சொருகிவை. மேலே ஒரு பாலிதீன் கவரைக் கவிழ்த்து வெயில் படாத இடத்தில் வை. நாலு வாரத்தில் துளிர் விட்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் பிடுங்கிப் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்க்கிற வேலை வேண்டாம். சின்னவனுக்கும் சொல்லி வை. பத்தில் நாலு பிழைத்தால் போதும், அடுத்த வருஷம் அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.

நாற்றை வந்த அன்றைக்கு நடாதே. பஸ்ஸில் ஒரு ராத்திரி குலுங்கி வருகிறது. நாலு நாள் வாசல் நிழலில் வைத்திருந்து, அப்புறம் ஒரு சாயங்காலம் நடு.

விதையும் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. போன ஐப்பசியில் காய்ந்த கதிர்களை ஒடித்து முறத்தில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தேன். ராத்திரி சாரல். டப், டப் என்று சத்தம். அப்பா "திண்ணையில் பூனை" என்று கம்பை எடுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் கனகாம்பரக் காய் வெடித்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த காயில் ஈரம் பட்டால் வெடித்து விதையைத் தூரத் தெறிக்கவிடும், மழை வந்ததும் முளைக்கத் தோதாக. நீயும் தம்பியும் வேலியோரத்தில் ஊதாப் பூச்செடியின் காயைப் பறித்து எச்சில் தொட்டு வெடிப்பீர்களே, அந்த வெடிக்காய்க்கு இது சொந்தம். டிசம்பர் பூ, ஆடாதோடை எல்லாம் அதே குடும்பம்தானாம். மறுமாசம் திண்ணை வெடிப்பில் எல்லாம் நாற்று. உனக்கு வருகிற ஆறு நாற்றில் இரண்டு திண்ணையில் முளைத்தது.

சின்னவனுக்கென்று காயாகவே கொஞ்சம் தனித் தாளில் மடித்திருக்கிறேன். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போடச் சொல். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம் என்று சொல்.

நட்டு இரண்டு, மூன்று மாசத்தில் கதிர் வரும். நாலு பட்டையாக, பச்சைக் கோதுமைக் கதிர் மாதிரி. பூ அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வரும், ஒரு கதிர் மூன்று வாரத்துக்கு மேல் பூக்கும். விரிந்த பூ செடியிலேயே இரண்டு நாள் தாங்கும். ஒன்று விட்டு ஒரு நாள் பறி. பச்சைக் கதிரைத் தொடாமல் பூவை மட்டும் நுனி விரலால் மெல்ல இழுத்தால் குழலோடு கையில் வந்துவிடும். பறிக்காமல் அழகுக்கு விட்டுவைக்கலாம் என்று நினைப்பாய். விட்டால் காய் பிடிக்கும். காய் பிடித்த செடி பூவில் சோம்பிவிடும். டெல்லி காய்க்காது என்றாலும் பூத்து முடிந்த கதிரைக் கீழே ஒரு ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளிவிடு. கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வரும். அடைமழையில் பூ குறையும். மார்கழிக் குளிரில் உங்கள் ஊரில் செடி கொஞ்சம் முடங்கி நிற்கும். அப்போது உரம் போட்டு எழுப்பப் பார்க்காதே. தை பிறந்து வெயில் ஏறினதும் தானாக எழுந்துவிடும். மூன்று வருஷம் வரைக்கும் நன்றாகப் பூக்கும், அதற்கு மேல் தண்டு முற்றிப்போகும். புதுக் குச்சி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அத்தனை பூவை என்ன செய்வது என்று கேட்பாய். நீ தலையில் வைக்க வேண்டாம், நான் வற்புறுத்தவில்லை. பிள்ளையாருக்குப் போடு. வாசமில்லாத பூ சாமிக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்மூர்ப் பிள்ளையார் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை என்று சொல். கீழ் வீட்டுப் பெண்ணுக்குக் கொடு. இரண்டு நாள் வாடாது, கனமே இல்லாமல் தலையில் கிடக்கும். நடுவே நாலு மல்லியும் கொஞ்சம் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டினால் வாசமும் வந்துவிடும்.

நான் இப்போது தினமும் வைக்கிறேன் தெரியுமா. அம்மாச்சியோடு அத்தனை வருஷம் பறித்தும் ஒரு பூ தலையில் வைத்ததில்லை. முதலாளி வீட்டு ஆள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாச்சி மட்டும் வீடு திரும்பும்போது முந்தானை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றிரண்டு பூவை எடுத்து என் காதோரம் செருகிவிடுவார். அதை உடனே எடுத்து எறிந்துவிடுவேன். உன்னைச் சொல்லி என்ன செய்ய.

செடிப் பையோடு முருங்கைக்காய் ஒரு கட்டு, அப்பா இடித்த இட்லிப் பொடி, ஒரு உருண்டை வாழைநார். அதைச் செடி கட்டி அனுப்பின நார் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதே, பூக் கட்டுவதற்கு. லேசாக நனைத்து இரண்டாகக் கிழித்துக்கொள். கட்டுவது மறந்துபோயிருந்தால் வீடியோ காலில் வா, காட்டித் தருகிறேன். ஆனால் காலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால் நான் எடுக்கமாட்டேன், முருங்கைக்குக் கீழே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா